இடதுகை அமிலம்

நான்கு வருஷமாக லுவான் யூசின் ஒரே காகிதத்தைத் தினமும் இரண்டு தடவை படித்தாள். காலையில் ஆலைக்குள் நுழையும்போது ஒரு தடவை, மாலையில் வெளியே வரும்போது ஒரு தடவை. வாசல் பக்கத்துக் கண்ணாடிப் பலகையில் தீயணைப்பு விதிகளுக்குக் கீழே அது மஞ்சள் பூத்துப்போய் ஒட்டிக்கிடந்தது. "பணி நேரத்தில் குடித்திருந்து ஆறாம் தொட்டிச் சரக்கைக் கெடுத்த குற்றத்துக்காக மோ ஷோயி வேலைநீக்கம் செய்யப்பட்டான். மற்றவர்கள் பாடம் கற்க." மோ ஷோயி அவள் புருஷன்.

பலகையில் மற்ற அறிவிப்புகள் மாதத்துக்கு ஒன்று மாறின. இது மட்டும் மாறவில்லை. மாற்றக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவன் சாங் தெபாவ், அப்போது நொதிக்கூடத்து மேற்பார்வையாளன், இப்போது துணை மேலாளன். யூசின் அந்த ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி. "இவ்வளவு நடந்த இடத்துல எப்படிடி வேலை பாக்குற? வேற இடம் பாத்துக்கோயேன்" என்று தங்கைக்காரி கேட்டபோது யூசின் சொன்னாள்: "வேற இடத்துக்குப் போனா அவனை யாரு பாத்துக்கிறது?" தங்கை அதை ஷோயியைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். யூசின் சொன்னது தெபாவை.

வடக்கு ஷான்டோங்கில் சோளத்துக்குப் பஞ்சம் கிடையாது. சோளத்தைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையைத் தொட்டியில் ஊற்றி, கிருமியை விட்டால் அது லாக்டிக் அமிலமாகப் புளித்துவிடும். அந்த அமிலத்தில் இரண்டு ஜாதி. இரண்டுக்கும் எடை ஒன்று, புளிப்பு ஒன்று, குணம் முக்கால்வாசி ஒன்று. ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். வலது கையுறையை இடது கையில் மாட்ட முடியாதல்லவா, அந்த மாதிரி. நம் சதையில் ஊறுவது வலதுகை அமிலம். தயிரிலும் ஊறுகாயிலும் இரண்டும் கலந்து கிடக்கும். இடதுகை அமிலத்தை மட்டும் சுத்தமாக எடுப்பது கஷ்டம். அதனால்தான் அதற்குக் கிராக்கி. இந்த ஆலை அதைத்தான் எடுத்தது. செடியிலிருந்து பிளாஸ்டிக் செய்கிறவர்கள் அதை வலதுகை ஜாதியோடு பின்னிச் சேர்ப்பார்கள். சூட்டுக்கு இளகாத பிளாஸ்டிக் வரும். தொட்டியை நன்றாக ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்காவிட்டால் வேறு கிருமி புகுந்து வலதுகைச் சரக்கும் கலந்துவிடும். கலந்ததைப் பிரிக்க ஆண்டவனாலும் ஆகாது.

ஷோயி ஆறாம் தொட்டியின் ஷிப்டுத் தலைவனாக இருந்தான். அந்தச் சம்பவத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவனுக்குக் குடல் முறுக்கிக் கறுத்துப்போய், மருத்துவர்கள் சிறுகுடலில் ஒரு முழம் மிச்சம் வைத்து மற்றதை வெட்டி எடுத்தார்கள். பிழைத்ததே பெரிது. எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தவனை யூசின் தேற்ற ஆரம்பித்தாள். வேளைக்கு நாலு மான்தோ ரொட்டி, நடுவில் வெல்லம் வைத்து ஆவியில் வேகவைத்தது. சக்கரைவள்ளிக் கஞ்சி. ஆலைத் தொழிலாளர் சங்கம் நோயாளிக்கு அனுப்பிய புளித்த பால் பாட்டில்கள், பெட்டி பெட்டியாக. "வயித்துக்கு நல்லது, குடி" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் குடிக்கவைத்தாள்.

அதற்கப்புறம் சில நாட்களில் ஷோயிக்குக் கால் தள்ளாடும். நாக்கு குழறும். சம்பந்தமில்லாமல் சிரிப்பான், பொத்தென்று உட்கார்ந்து அழுவான். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். மாவட்ட மருத்துவமனையில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சாராயம் இல்லை. லாக்டிக் அமிலம் சரியான அளவு. மண்டையைப் படம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் நாக்கு சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் ஒருவன் விருந்தில் குடிக்க மாட்டேன் என்று கோப்பையைக் கவிழ்த்தால் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள்: ஒன்று, சாகப் போகிறான், இல்லாவிட்டால் வீட்டில் ஒளித்துவைத்துக் குடிக்கிறான். ஷோயி அறுவைக்குப் பிறகு எல்லா விருந்திலும் கோப்பையைக் கவிழ்த்தான். ஆனால் சாகவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம் என்று ஊரே கணக்குப் போட்டுவிட்டது. குடிக்காதவன்தான் பெரிய குடிகாரன் என்று கண்டுபிடிக்கிற புத்தி எங்கள் ஜனங்களுக்கு மட்டும்தான் உண்டு.

அந்த நாள் வந்தது. காலையில் யூசின் அவனுக்கு நாலு மான்தோவும் இரண்டு பாட்டில் புளித்த பாலும் கொடுத்து அனுப்பினாள். வாசலில் குடித்திருக்கிறானா என்று காட்டும் ஊதுகருவியில் ஊதிவிட்டுத்தான் எவனும் நொதிக்கூடத்துக்குள் போக முடியும். ஷோயி ஊதினான். சுழியம். உள்ளே போனான். ஒன்றரை மணி நேரத்தில் ஆறாம் தொட்டியின் ஏணியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். அதே காலையில்தான் ஆறாம் தொட்டிச் சரக்கு கெட்டுப்போன விஷயமும் வெளியே வந்திருந்தது. நாற்பது நிமிஷம் ஆவி விட வேண்டிய தொட்டிக்கு இருபது நிமிஷம் போதும் என்று போனில் உத்தரவு போட்டவன் தெபாவ். சரக்கு அனுப்பும் தேதி நெருங்குகிறது, நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். இப்போது பழியைப் போட ஒரு தலை தேவைப்பட்டது. தலை தானாகவே ஏணியடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

தெபாவ் ஷோயியின் சட்டைக் காலரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தான். ஷிப்டு மாறும் நேரம். முந்நூறு பேர் பார்த்தார்கள்.

"பாருங்கய்யா, நம்ம ஷோயி ஐயா காலையிலேயே பல்லு விளக்குறதுக்கு முன்னாடி ஏத்திக்கிட்டு வந்திருக்காரு! இந்தக் கோட்டுல நட பாக்கலாம். நேரா நடடா!"

"நா… நான்… குடிக்கலை சார்" என்றான் ஷோயி. வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கோட்டில் நடந்தான். மூன்றாவது அடியில் விழுந்தான். கூட்டம் சிரித்தது.

வாசல் காவலாளி ஹாவ் நல்ல மனுஷன். ஊதுகருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஷோயியை ஊதவைத்தான். "சார், காலையில சுழியம்தான் காட்டுச்சு. இப்பவும் ஊதச் சொன்னேன், இதோ பாருங்க, சுழியம்."

தெபாவ் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் பழுது. என் கண்ணு பொய் சொல்லுமா? பதிவேட்டுல எழுது, மெஷின் பழுதுன்னு."

ஹாவ் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். பரிசோதனைக் கூடத்து மாடி ஜன்னலிலிருந்து யூசின் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் படியிறங்கி ஓடிவருவதற்குள், தெபாவ் எழுதிக்கொடுத்த குற்ற ஒப்புதலை ஷோயி முந்நூறு பேர் முன்னால் குழறிக் குழறிப் படித்து முடித்திருந்தான்.

அன்றைக்குப் பிறகு ஷோயி கடைவீதிக்குப் போவதை நிறுத்தினான். மகனை மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. "குடிகாரன் வீட்டு மருமக ஆகணுமா?" என்று கேட்டார்களாம். ஷோயி பேச்சைக் குறைத்தான். யூசின் மான்தோவைக் கூட்டினாள்.

*

இந்த வருஷம் விளக்குத் திருவிழாவன்று ஷோயி எள்ளுப் பூரணம் வைத்த அரிசி உருண்டை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். யூசின் அவனைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வாரம் பரிசோதனைக் கூடத்துக்கு, லாக்டிக் அமிலத்தை அளக்கும் நொதிப் புட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதோடு வந்த துண்டுக் காகிதத்தில் இருந்த ஒரு வரி மூன்று நாளாக அவள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது: இந்தச் சோதனை வலதுகை அமிலத்தை மட்டுமே அறியும்.

மருத்துவமனையில் வைத்திருப்பதும் இதே நொதிதானே?

அவள் எழுந்தாள். சோதனைச் சாலைப் புட்டியை எடுத்தாள். "இதுல கொஞ்சம் ஒண்ணுக்குப் போ" என்றாள்.

"எ… எதுக்கு?"

"கேக்காத. போ."

திருவிழா விடுமுறை. ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் ஈ, காக்கை இல்லை. வடிகட்டினாள், தண்ணீர் கலந்து நீர்க்கவைத்தாள், அமிலத்தின் இரண்டு கைகளையும் பிரித்துக்காட்டும் விசேஷக் குழாயில் செலுத்தினாள். ஆலையில் அந்தக் குழாயைப் பயன்படுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரையில் கோடு ஊர்ந்தது. வலதுகை அமிலத்தின் இடத்தில் சின்னதாக ஒரு மேடு. அப்புறம் இடதுகை அமிலத்தின் இடம் வந்தது. கோடு செங்குத்தாக ஏறித் திரையின் விளிம்பை முட்டி நின்றது.

நான்கு கொதிகலனும் முந்நூறு ஆளும் வைத்து அந்த ஆலை காய்ச்சுகிற சரக்கை அவள் புருஷன் வயிறு இரண்டு கிண்ணம் உருண்டையில் காய்ச்சியிருந்தது. சிறுகுடல் இல்லாததால் மாவும் சர்க்கரையும் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே காத்திருக்கும் கிருமிகள் அதை இடதுகை அமிலமாகப் புளிக்கவைக்கின்றன. உடம்புக்கு அதைச் சட்டென்று எரிக்கத் தெரியாது. ரத்தத்தில் ஏறி மூளையை ஆட்டுகிறது. மருத்துவமனையின் கருவிக்கு அந்தக் கை கண்ணிலேயே படாது.

யூசின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெல்லம் வைத்த மான்தோ. சக்கரைவள்ளிக் கஞ்சி. புளித்த பால். நான்கு வருஷம், வேளை தவறாமல், தன் கையாலேயே. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. முதலில் தன்மேல் வந்தது. தன்மேல் வந்த கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும்? அதைத் தூக்கி, இருக்கிற இன்னொரு கோபத்தோடு சேர்த்தாள். இரண்டும் சேர்ந்து நன்றாகக் கனன்றன.

மாகாணத் தலைநகர் ஜீனானின் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கோடு பதிந்த தாளை நீட்டியதும் இளம் மருத்துவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். உறுதி செய்தார்கள். மாவு, சர்க்கரை, புளித்த பால் மூன்றும் ஒழிந்தன. முட்டையும் மீனும் டோஃபுவும் கறியும் வந்தன. கிருமியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஷோயி சைக்கிள் ஓட்டினான். நாக்கு தெளிந்தது. ஆனாலும் கடைவீதிக்குப் போகவில்லை.

"நான் குடிக்கலைன்னு உனக்குத் தெரியும்ல, அது போதும்" என்றான்.

"எனக்குப் போதாது" என்றாள் யூசின்.

மருத்துவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெபாவின் அறைக்குப் போனாள். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். பலகையில் இருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஷோயி குடிக்கவில்லை என்று அதே இடத்தில் நாலு வரி ஒட்டினால் போதும். தெபாவ் கடிதத்தைப் படித்தான். படிக்கப் படிக்க உதடு கோணியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"அடேங்கப்பா! நம்ம சரக்கை வயித்துலயே காய்ச்சுறானா? முன்னாடியே சொல்லியிருந்தா ஏழாம் தொட்டியா அவனையே வெச்சிருக்கலாமே! சோளச் செலவு மட்டும்தானே!"

"சார், இது ஆஸ்பத்திரிக் கடுதாசி."

"இருக்கட்டும்மா. நாலு வருஷம் ஆச்சு. இப்போ அதைக் கிழிச்சா, அப்போ நான் பொய் சொன்னேன்னு ஆகிடாதா? போ, போய் வேலையைப் பாரு." அவள் கதவருகே போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது: "தொட்டிக்குச் சூடு சரியா இருக்கான்னு அப்பப்போ பாத்துக்கோ!"

மறுநாளே முழு ஆலையும் ஷோயியை ஏழாம் தொட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. யூசின் அன்று பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தாள். பதினெட்டு வருஷ வேலையில் அவள் உடைத்த முதல் குடுவை. வேண்டுமென்றே உடைத்தாள்.

*

பழிவாங்குவதற்கு நஞ்சும் கத்தியும் தேவையில்லை. ஆளின் குணம் தெரிந்தால் போதும். தெபாவ் ஒருநாளும் நாற்பது நிமிஷம் ஆவி விட மாட்டான் என்பது யூசினுக்குத் தெரியும். கண்ணால் பார்க்க விரும்பாததைக் காட்டும் கருவியை அவன் ஒருநாளும் நம்ப மாட்டான் என்பதும் தெரியும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், அந்த முற்றம் போதும்.

சித்திரையில் கொரியாவிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. இடதுகை அமிலம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைக்குக் குறையாத சுத்தம். நாலாம் தொட்டியும் ஆறாம் தொட்டியும் ஓடின. நாலாம் தொட்டி ஷிப்டுக்காரன் யூசினின் பேச்சைக் கேட்பவன். அவளே போய் நின்று நாற்பது நிமிஷமும் ஆவி விடவைத்தாள். ஆறாம் தொட்டிக்குத் தெபாவின் போன் வந்தது. இருபது நிமிஷம் போதுமாம்.

ஆறாம் தொட்டிச் சரக்கை அவள் விசேஷக் குழாயில் ஓட்டினாள். நூற்றுக்கு ஏழு பங்கு வலதுகை அமிலம். சாதாரணக் குழாயிலும் ஓட்டினாள். அதற்குக் கை பேதம் தெரியாது, மொத்த அமிலத்தைத்தான் பார்க்கும். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு என்றது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினாள். "ஆறாம் தொட்டிச் சரக்கை அனுப்பக்கூடாது, நாலாம் தொட்டிச் சரக்கை அனுப்பலாம்" என்று கீழே தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"நாலாம் தொட்டிச் சரக்கு மட்டும் பத்தாது" என்றான் தெபாவ். "அந்த விசேஷக் குழாய் ஆறு வருஷத்துப் பழசு. மெஷின் சொல்றதெல்லாம் வேதமா? அமிலம்னா அமிலம்தான். இதோ தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு இருக்குல்ல?"

"நான் எழுதினது எழுதினதுதான் சார். நீங்க அனுப்புறதா இருந்தா அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிக்கொண்டே அவன் தாளின் குறுக்கே பெரிதாக எழுதினான்: "சாதாரணச் சோதனைப்படி அனுப்புக. சாங் தெபாவ்." அவள் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நியாயமாகப் பார்த்தால் ஆலைத் தலைவர் வென்னிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலாம் தொட்டிச் சரக்கு போதாது என்பதற்காக, அதே தொட்டியின் அடுத்த ஓட்டத்தையும் நாற்பது நிமிஷ ஆவியில் வைத்து முத்திரையிட்டுக் கிடங்கில் ஒதுக்கினாள். ஆலை மூழ்கக் கூடாது. ஒரே ஒருத்தன்தான் மூழ்க வேண்டும்.

சரக்கு ஏறுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கொரியக்காரர் பியோவுக்கு விருந்து. கதவைப் பார்த்த நாற்காலியில் தெபாவ், முதல் விருந்தோம்பி. அவன் வலப்பக்கம் பியோ. எதிரே, கதவுக்கு முதுகு காட்டும் இரண்டாம் விருந்தோம்பி நாற்காலியில் யூசின். கூடத்துத் தலைவி என்பதால் அவள்தான் உட்கார வேண்டும். மீன் வந்தது. தலை விருந்தாளியைப் பார்க்க, வால் எதிரே இருந்த யூசினைப் பார்த்தது.

"மீன் தலை பாத்தவருக்கு மூணு கோப்பை, வால் பாத்தவருக்கு நாலு!" என்று கத்தினான் தெபாவ். "ஆனா நம்ம யூசின் குடிக்க மாட்டா. அவ வீட்டு ஒதுக்கீடு ஏற்கனவே தீந்துபோச்சு!"

மேஜை சிரித்தது. பியோ மட்டும் புரியாமல் பார்த்தார். யூசின் எழுந்தாள். வெள்ளைச் சாராயம், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"சாங் சார், நாலு குடிச்சவ விருந்தாளிக்காக ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு கேளு! இன்னிக்கு நீ எது கேட்டாலும் உண்டு!"

"பியோ ஐயா அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு. சரக்குக்கு நீங்க வாயால ஒரு உறுதி குடுங்க. கையெழுத்தெல்லாம் காகிதத்துக்கு. விருந்தாளிக்கு வாய்வார்த்தைதானே மரியாதை?"

மீன் தலைக்கு முன்னால் கேட்ட உறுதியை மறுத்தால் எங்கள் பக்கத்தில் அவன் ஆம்பளையே இல்லை. தெபாவுக்கு மறுக்கும் எண்ணமும் இல்லை. ஏழெட்டுக் கோப்பை உள்ளே போயிருந்தது, நெஞ்சு நிமிர்ந்தது. எழுந்து கோப்பையை உயர்த்தினான்.

"பியோ ஐயா! சுத்தத்துல அரைப் புள்ளி குறைஞ்சாலும் சரி, நம்ம ஆலை முத்தத்துல, திங்கக்கிழமைக் காலையில, மொத்த ஆளும் பாக்க, என் தப்பை என் வாயாலேயே வாசிக்கிறேன்! நான் சாங் தெபாவ்! சொன்னா சொன்னதுதான்!"

பியோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை என்பதை யூசின் அப்போதே பார்த்துக்கொண்டாள்.

*

இருபத்திரண்டாம் நாள் பியோ திரும்பி வந்தார். கையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஆறாம் தொட்டிச் சரக்கின் மாதிரி. அவர்கள் பிளாஸ்டிக் வெந்நீரிலேயே வளைந்துபோனதாம்.

"உங்க மெஷின் பழுதா இருக்கும்" என்றான் தெபாவ்.

பியோ நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தார். தலைவர் வென் பின்னால் வந்தார். ஆலையே சேமித்துவைத்திருந்த மாதிரியை யூசின் அவர்கள் கண்முன்னால் விசேஷக் குழாயில் செலுத்தினாள். ஏழு பங்கு. அப்புறம் தெபாவ் குறுக்கே எழுதிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வென் அதை இரண்டு தடவை படித்தார்.

"மாற்றுச் சரக்கு இருக்கா?" என்றார்.

"கிடங்குல இருக்கு ஐயா. சுத்தமானது. இப்பவே ஏத்தலாம்."

பியோ மாற்றுச் சரக்கைச் சோதித்தார், தலையசைத்தார். கிளம்பும்போது வென்னிடம் சொன்னார்: "விருந்துல ஒரு வார்த்தை குடுத்தாங்க. அது நடக்குதான்னு பாத்துட்டுத்தான் அடுத்த ஆர்டரைப் பேசுவோம்."

சனிக்கிழமை தெபாவ் யூசினைத் தேடி மாடிக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி செர்ரிப் பழம். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவளை அக்கா என்றான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. குழாய்ப் பழுதுன்னு சொல்லிடு. உன் வீட்டுக்காரன் காகிதத்தை நானே கிழிக்கிறேன். இப்பவே கிழிக்கிறேன்."

யூசின் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக அவள் எதையும் ருசித்ததில்லை.

"அது ஒட்டியே இருக்கட்டும் சார். நாலு வருஷம் ஆச்சு. இப்போ கிழிச்சா, அப்போ நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆகிடாதா?"

*

திங்கட்கிழமைக் காலை. முந்நூறு பேரும் முற்றத்தில் நின்றார்கள். ஷோயி வர மாட்டேன் என்றான். யூசின் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்து வாசல் கம்பிக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். உள்ளே வர அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை.

தெபாவ் மேடையேறினான். இரண்டு நாளாகத் தூங்கவில்லை போல, கண் சிவந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது. காகிதம் கையில் நடுங்கியது. "நான்… சாங் தெபாவ்… ஆவி நேரத்தை… குறைக்கச் சொல்லி…" நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. இந்தத் தடவை மட்டுமல்ல, நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆறாம் தொட்டியும் அவன் உத்தரவால்தான் கெட்டது என்கிற வரியை வென் சேர்த்து எழுதவைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படியில் கால் தடுக்கி முழங்காலில் விழுந்தான்.

"சார் காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டாருடோய்!" என்று எவனோ கத்தினான். முற்றம் முழுக்கச் சிரித்தது. "கோட்டுல நடக்கச் சொல்லு! கோட்டுல நடக்கச் சொல்லு!"

தெபாவ் எழுந்தான். முகம் கன்றிப்போய்விட்டது. "நான் குடிக்கலை! ஒரு சொட்டு குடிக்கலை! ஹாவ்! அந்த மெஷினைக் கொண்டா! கொண்டாடா!"

ஹாவ் ஊதுகருவியை எடுத்து வந்தான், பதிவேட்டையும் எடுத்து வந்தான். தெபாவ் கருவியைப் பிடுங்கி, கன்னம் உப்ப ஊதினான். திரையைத் தலைக்குமேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். "சுழியம்! பாருங்க, சுழியம்! பாத்துக்கோங்க!"

ஒருத்தரும் கருவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் யூசினைப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தெபாவ் குடிக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவமானத்திலும் பயத்திலும் ஒரு மனுஷன் எப்படி நடுங்குவான் என்பதை அவளைவிட அதிகம் பார்த்தவர் அந்த ஊரில் இல்லை.

"மெஷின் பழுது" என்றாள். "எங்க கண்ணு பொய் சொல்லுமா?"

தெபாவ் தூக்கிய கருவியை இறக்காமல் நின்றான். ஹாவ் பேனாவைத் திறந்துகொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"எப்படி எழுத அக்கா?"

"போன தடவை எழுதினியே, அப்படியே எழுது."

ஹாவ் எழுதினான். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

யூசின் பலகையின் கண்ணாடியைத் திறந்து அந்த மஞ்சள் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை இறுகியிருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஷோயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"மனசு ஆறுச்சா?" என்றான்.

"பாதி."

"மீதி?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் பூட்டைத் திறந்தாள். "மீதி அவன்மேல இல்ல. வெல்லம் வெச்சு வெச்சு உனக்கு ஊட்டுனவ மேல. அவளை எந்த முத்தத்துல நிக்கவைக்கிறது?"

ஷோயி சைக்கிளை அவள் கையிலிருந்து வாங்கினான். "பின்னாடி உக்காரு" என்றான். "கடைவீதி வழியா போலாம். மீன் வாங்கணும்."